அலையின் ஏற்ற இறக்கத்தில் ஒரு நியாயம்

ரேடியோ அலை மனிதன் செய்ததல்ல. சூரியனும் விண்மீன்களும் ஆதியிலிருந்தே அதை வீசிக்கொண்டிருக்கின்றன. மேக்ஸ்வெல் 1865-இல் வெளியான கட்டுரையில் அதைக் கணக்கில் கண்டார். ஹெர்ட்ஸ் 1887-இல் ஆய்வுக்கூடத்தில் கண்டு காட்டினார். இன்று அது நம் கைபேசிக்குள் வந்து பேசுகிறது.

அது வரும் வழியைப் பாருங்கள். டவரிலிருந்து கிளம்பிய அலை சுவரில் மோதுகிறது, மரத்தில் சிதறுகிறது, ஓடும் பேருந்தில் பட்டுத் திரும்புகிறது. இப்படிப் பல வழியாக வந்து சேரும்போது முகடும் முகடும் கூடினால் சிக்னல் பெருகும். முகடும் பள்ளமும் கூடினால் மங்கிவிடும். 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 17 சென்டிமீட்டர்தான். எனவே கைபேசி நாலு விரற்கடை நகர்ந்தாலே போதும், சிக்னல் மாறிவிடலாம்.

இந்த நிலையாமையைப் பொறியாளர்கள் வெகுகாலம் தொல்லையாகவே நினைத்தார்கள். ஆனால் எல்லோருடைய சிக்னலும் ஒரே நேரத்தில் தாழ்வதில்லை. ஒருவர் பள்ளத்தில் இருக்கும் நொடியில் வேறொருவர் மேட்டில் இருப்பார். கொடையே அங்குதான் இருக்கிறது.

4ஜி டவர் 20 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை 100 கூறுகளாக்கி, மில்லிவிநாடிக்கு ஒருமுறை யாருக்கு எது என்று பங்கிடுகிறது. சிக்னல் வலுத்தவருக்கே கொடுத்தால் தூரத்தில் இருப்பவர் பட்டினி. எல்லோருக்கும் ஒரே வேகம் என்றாலோ, எட்டாத ஒருவருக்காகவே பெரும்பங்கு கரைந்துபோகும். இவ்விரண்டுக்கும் நடுவழி, கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஃபிராங்க் கெல்லி 1997-இல் வகுத்த விகிதாசார நியாயம். அதைக் கைபேசிக்குப் பொருத்தியவர்களில் முக்கியமானவர் டேவிட் ட்சே.

அதன் கணக்கு இதுதான்: ஒவ்வொருவருக்கும் இப்போது கிடைக்கக்கூடிய வேகத்தை, அவருக்கு இதுவரை கிடைத்த சராசரி வேகத்தால் வகுக்க வேண்டும். விடை யாருக்குப் பெரிதோ, கூறு அவருக்கு. டவரடியில் நிற்பவருக்குச் சராசரி நொடிக்கு 20 மெகாபிட், இப்போது 22 என்று வையுங்கள், விடை 1.1. ஊர்க்கோடியில் இருப்பவருக்குச் சராசரி 2, இப்போது 3, விடை 1.5. முறை ஊர்க்கோடிக்குத்தான்! மதகடியில் தேங்காமல் கடைமடைக்கும் தண்ணீர் போய்ச் சேர்வதுபோல.

ஒவ்வொருவரையும் அவரவர் பழைய நிலையோடு வைத்தே இந்தக் கணக்கு அளக்கிறது. எளியவருக்கும் ஓர் உச்சம் உண்டு; அது வரும்வரை காத்திருந்து கொடுக்கிறது. ஆட்கள் கூடக்கூட, யாராவது ஒருவர் உச்சத்தில் இருக்கும் வாய்ப்பும் கூடுவதால், டவர் சுமக்கும் மொத்தத் தரவும் பெருகுகிறது. அலை அசையாமல் நின்றிருந்தால் இந்தப் பெருக்கம் ஏது?

பங்கிடும் கணக்கைத்தான் நாம் கண்டோம். பங்கிட இடம் வைத்து அலையைப் படைத்தவன் பெருமையை என்னென்பது!