இட்லிப் பொடிக்குப் பருப்பை ஏன் சிறுதீயில் வறுக்கிறோம்?

பச்சை உளுந்துக்கும் கடலைப்பருப்புக்கும் வறுத்த பருப்பின் மணம் கிடையாது. சூடு 140 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பருப்பிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வேகமாக வினைபுரிகின்றன. பொன்னிறமும் வாசனையும் அப்போதுதான் பிறக்கின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் மயார் 1912இல் விவரித்த வினை இது. தீ கூடினால் மேற்புறம் கருகிவிடும், உள்ளே பச்சை வாடை அப்படியே நிற்கும். கடலைப்பருப்பு வறுபட அதிக நேரம் பிடிக்கும். அதனால் உளுந்தோடு சேர்த்துப் போடக் கூடாது. ஒரு பருப்பைக் கடித்துப் பாருங்கள், நறுக்கென்று உடைந்தால் ஈரம் போய்விட்டது.

வறுத்த பருப்பைச் சூட்டோடு அரைத்தால் ஆவி மிக்சி மூடியில் நீராகப் படிந்து பொடி கட்டிதட்டும். பொடியில் எள் சேர்ப்பதானால், அதற்குக் கடைசியில் மிக்சியில் ஒரு சுற்று போதும். மிஞ்சினால் எண்ணெய் கக்கும், காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கும். பொடி டப்பாவில் ஈரக் கரண்டியை மட்டும் விடாதீர்கள்.