கைப்பேசித் திரையில் வண்ணக் கோலம்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் முன்னோர் வாக்கு. மனிதருக்கு ஆடை எப்படியோ, கைப்பேசியில் தோன்றும் பக்கத்திற்கு வண்ணம் அப்படி. ஆனால் ஆடையின் முதற்பணி உடலைக் காப்பது. அழகெல்லாம் அதற்குப் பிறகுதான். அதுபோல் வண்ணத்தின் முதற்பணி எழுத்தைப் படிக்கச் செய்வது. இதை நாங்கள் சென்ற ஆண்டு பட்டறிந்தோம்.

எங்கள் கணினி வகுப்பில், பள்ளி அறிவிப்புகளைப் பெற்றோர்க்குக் காட்டும் சிறு செயலி ஒன்றைப் பயிற்சிக்காகச் செய்தோம். வெள்ளைப் பின்னணி, மஞ்சள் எழுத்து, மேலே இளஞ்சிவப்புப் பட்டை. கண்காட்சியன்று எல்லோரும் பாராட்டினார்கள். வயல் வேலையை முடித்து நேரே வந்திருந்த ஒரு தாயார் மட்டும், முற்றத்து வெயிலில் கைப்பேசியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "அழகாத்தான் இருக்குது கண்ணு. ஆனா பரீட்சை என்னிக்குன்னு தெரியலியே" என்றார். தேதி அங்கேதான் இருந்தது! எங்கள் முகம் சுருங்கிப்போயிற்று. அன்று முதல் இக்கலையை முறையாகக் கற்கத் தொடங்கினோம். கற்றதை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

செயலியின் எல்லாப் பகுதிகளும் அதற்குள்ளேயே எழுதப்பட்டவை அல்ல. சில பகுதிகள் இணையப் பக்கங்களே. செயலி தன் சுவரில் ஒரு சாளரம் வைத்து, அதன் வழியே அப்பக்கத்தைக் காட்டுகிறது. இச்சாளரத்தைத்தான் 'வெப் வியூ' என்கிறார்கள். சுவருக்கு வண்ணம் தீட்டுவது செயலி. சாளரத்தினுள் தெரிவதற்கு வண்ணம் தருவது பக்கம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வீடு ஒரு நிறம், அறை ஒரு நிறம் என்றாகிவிடும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு விக்கிப்பீடியாச் செயலி. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகளையும் அதில் படிக்கலாம். 2025-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்ற நம் செஞ்சிக் கோட்டையைப் பற்றியும் அதில் படிக்கலாம். கட்டுரை தோன்றுவது இத்தகைய சாளரத்தில்தான். வெண்மை, பழந்தாளின் பழுப்பு, இருள், முழுக்கருமை என நான்கு தோற்றங்கள் அதில் உண்டு. நாம் ஒன்றைத் தொட்டதும் செயலி அதன் பெயரைப் பக்கத்திடம் சொல்கிறது. பக்கம் உடனே ஆடை மாற்றிக்கொள்கிறது.

இது எவ்வாறு நடக்கிறது? திரையின் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் கலவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். ஆகக் கிடைப்பவை 1,67,77,216 நிறங்கள். பக்கத்தில் நாற்பது இடங்களில் 'வெள்ளை' என்று எழுதினால் நாற்பதையும் மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே 'பின்னணி', 'எழுத்து', 'இணைப்பு' என்று பெயர்ச்சீட்டுகள் மட்டும் ஒட்டி, எந்தச் சீட்டுக்கு எந்த நிறம் என்பதை ஓரிடத்தில் எழுதிவைக்கிறார்கள். அந்த ஓரிடத்தை மாற்றினால் பக்கம் முழுவதும் மாறும்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கவும் ஒரு அளவுகோல் உண்டு. இணையத்தின் நெறிகளை வகுக்கும் அமைப்பு 2008-இல் வெளியிட்ட விதிகளின்படி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்ற அளவிலேனும் இருக்க வேண்டும். வெள்ளைமேல் கறுப்பு 21-க்கு 1. எங்கள் மஞ்சள் எழுத்தைக் கணக்கிட்டோம்: வெறும் 1.07! அதே மஞ்சளைப் பின்னணியாக்கிக் கறுப்பில் எழுதினால் ஏறத்தாழ 19.6. நிறங்கள் அவையே, சேர்க்கைதான் வேறு.

இருள் தோற்றத்தில் வேறு சில இடர்களும் உள்ளன. வெள்ளைமேல் 8.6 அளவில் பளிச்சிடும் தூய நீலம், கறுப்பின்மேல் 2.4-ஆகத் தேய்ந்துவிடுகிறது, எனவே இணைப்புகளுக்கு அங்கே வெளிர்நீலம் தேவை. அட்டவணைக்குத் தனியே வெளிர்நிறம் பூசியிருந்தால், வெள்ளையாக மாறிய எழுத்து அதில் கரைந்துபோகும். பக்கம் வந்துசேரும் முன் சாளரம் ஒரு கணம் வெள்ளையாக மின்னி, இரவில் கண்ணைக் கூசச் செய்யும். சாளரத்தின் பின்னணிக்கும் முன்னதாகவே இருண்ட நிறம் தந்துவிட்டால் இக்குறை தீரும். பிறர் பக்கத்தைத் திறக்கும்போதோ, மேற்பட்டைக்கு மட்டும் நம் வண்ணம் தந்து, உள்ளே கைவைக்காதிருப்பதே முறை.

எந்தத் தோற்றம் சிறந்தது என்று கேட்கலாம். இராஜகிரியின் மேல் நண்பகல் வெயிலில் நிற்பவருக்கு வெண்மையே தெளிவு. வீட்டார் உறங்கும் வேளையில் பாடம் படிக்கும் மாணவிக்கு இருள் இதம். ஆகவே முடிவு படிப்பவருடையது. 2019-இல் ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 13 ஆகியவை வந்ததிலிருந்து கைப்பேசிக்கே பொதுவாக இருள் தோற்றம் வைத்துக்கொள்ளலாம். பக்கமும் அவ்விருப்பத்தைக் கேட்டறிந்து நடக்க முடியும்.

நாங்கள் எங்கள் செயலியைத் திருத்தினோம். கறுப்பு எழுத்து, வெள்ளைப் பின்னணி, இரவுக்கு இருண்ட தோற்றம். தேதிகள் மட்டும் பெரிய எழுத்தில். அடுத்த பெற்றோர் கூட்டத்தன்று அதே தாயாரை அதே முற்றத்திற்கு அழைத்துச் சென்று காட்டினோம். அவர் எழுத்துக்கூட்டித் தேதியை உரக்கப் படித்தார். கண்காட்சியில் கிடைத்த பாராட்டுகள் எல்லாவற்றையும்விட அந்தக் குரலே எங்களுக்கு இனித்தது.

தோழியரே, நாளை நீங்களும் செயலி செய்யலாம். கோலம் வாசலுக்கு வருவோரை வரவேற்பதற்கே போடப்படுகிறது. அவர்கள் காலை இடறிவிடுவதற்காக அன்று. திரையில் நாம் இடும் வண்ணக் கோலமும் அவ்வாறே அமையட்டும்!