மூன்று மாற்றிகள் போதும்

அமெரிக்காவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, எட்டு வயதுப் பேரனுக்கு மாதிரி ரயில் பாதை அமைத்துத் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. 8 அடிக்கு 4 அடி ஒட்டுப்பலகை. உண்மை ரயிலில் 87-இல் ஒரு பங்கு அளவுள்ள வண்டிகள். பற்றாக்குறையான வளங்களைப் பங்கிடுவது பற்றி ஆயுள் முழுவதும் பாடம் நடத்திய நான், அந்தச் சிறு பலகையில் 11 பாதை மாற்றிகளைத் திணித்தேன். வண்டியை ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பும் அமைப்பையே பாதை மாற்றி என்கிறேன்.

ரயில் ஓடியது, அடிக்கடி தடம் புரண்டது. மாற்றியைத் தாண்டியதும் எதிர்த்திசை வளைவு வந்தால், முன்பெட்டி இடப்புறமும் பின்பெட்டி வலப்புறமும் திரும்ப முயலும்; இணைப்புக் கொக்கி பக்கவாட்டில் இழுபட்டுச் சக்கரம் விலகும். இட நெருக்கடியில் இத்தகைய வளைவுகளைத்தான் நிறைய அமைத்திருந்தேன். மூன்றாம் நாள் பேரன் கைப்பேசிக்குத் திரும்பிவிட்டான்.

பிறகுதான் கணக்குப் பார்த்தேன். ஒரு மாற்றி ஏறத்தாழ 9 அங்குலம் பிடிக்கும். அதன்மேல் பெட்டியை நிறுத்திவைத்தால் வழி அடைபடும். 11 மாற்றிகளுக்கு 8 அடிக்கு மேல் போயிற்று. ஒரு சரக்குப் பெட்டிக்கு 6 அங்குலம் போதும். நான் வகுப்பில் வாய்ப்புச் செலவு என்று விளக்கியது இதைத்தான்: ஒன்றைப் பெறுவதற்காகக் கைவிட்ட மற்றொன்றின் மதிப்பு.

'இந்த ரயில் என்ன வேலை செய்ய வேண்டும்?' என்று அவனிடம் அப்போதுதான் கேட்டேன். வரைவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. சுற்றி ஓட வேண்டும், பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்க வேண்டும் என்றான். அதற்கு ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் வகுத்த 'இங்கிள்நூக்' அமைப்பே போதும். மூன்று பக்கப்பாதைகள், இரண்டே மாற்றிகள். ஒன்றில் 5 பெட்டிகள் நிற்கும். மற்ற இரண்டில் மும்மூன்று. எஞ்சின் ஒரே நேரத்தில் மூன்று பெட்டிகளையே வெளியே இழுக்கலாம். மொத்தம் 8 பெட்டிகள்; சீட்டுக் குலுக்கி வரும் ஐந்தை, வந்த வரிசையிலேயே கோக்க வேண்டும். அமையக்கூடிய வரிசைகள் 6,720!

நீள்வட்டப் பாதையோடு இணைக்க இன்னொன்று. ஆக மூன்று மாற்றிகள். மற்ற எட்டைக் கழற்றியதில் 6 அடி மிஞ்சியது. எதிரெதிர் வளைவுகளுக்கு இடையே நேர்த்தண்டவாளம் வைக்க அது உதவியது.

முதல் வரிசையைக் கோத்து முடிக்கப் பேரனுக்கு 40 நிமிடங்கள் ஆயின. எனக்கு அதைவிடக் கூடுதல்.