வத்தைகள் உண்டு, தோட்டங்கள் எங்கே?

மருதானையையும் அதன் அயலையும் சுற்றி வருவார்க்கு ஊர்ப்பெயர்களே ஒரு செய்தி கூறும். பஞ்சிகாவத்தை, மாளிகாவத்தை, கப்பித்தாவத்தை. கடற்பக்கஞ் சென்றால் வெள்ளவத்தை. 'வத்தை' என்பது தோட்டம் எனப் பொருள்படுஞ் சிங்களச் சொல். பெயரிலே தோட்டம் நிற்கின்றது. தரையிலே அதனைத் தேடவேண்டியிருக்கின்றது.

தோட்டம் அழிந்து வீடாதல் நகர் வளர்ச்சியின் இயல்பு. அதனைக் குறை கூறுதல் என் நோக்கமன்று. வீடு பெருகுங்கால் வீட்டார்க்கு வேண்டிய பொது இடங்களும் உடன் பெருகினவா என்பதே என் வினா.

போர்க்காலத்தில் வடக்குக் கிழக்கினின்றும் வந்தோர் பலர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியமர்ந்தனர். ஒரு குடும்பம் இருந்த வளவிலே தொடர்மாடி எழுந்தது. மருதானைப் பக்கமும் இப்பொழுது வானை நோக்கி வளர்கின்றது. ஒழுங்கையோ பழைய ஒழுங்கை. வடிகாலும் பழையதே. என் மாணவரிற் சிலர் பரீட்சைக் காலத்தில் மாடிப்படியிலிருந்து படிப்பதாகக் கூறக் கேட்டிருக்கின்றேன். வீட்டிலே இடமில்லை, நடந்து செல்லும் தூரத்தில் வாசிகசாலையும் இல்லை. பந்து விளையாட விரும்புஞ் சிறுவனுக்கு மோட்டார் வண்டிகள் நிறைந்த வீதியே மைதானம்.

முன்னோர் இக்குறையை எவ்வாறு நீக்கினர்? பெரும்பாலும் கொடையினால். 1942இல் நிறுவப்பெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கம் இன்று வெள்ளவத்தையிலே நூலகத்தோடும் மண்டபத்தோடும் விளங்குவது அன்பர் பலர் மனமுவந்து ஈந்ததன் பயன். ஆயினும் கொடை மனத்தைப் பொறுத்தது. தேவை தலையைப் பொறுத்தது. ஆண்டுதோறும் புதுத் தலைகள் வந்து சேரும் நகரில், கொடையாளர் வரும்வரை குழந்தைகள் வளராது காத்திருப்பரோ?

ஆகவே, கட்டடம் எழுப்பி விற்று ஊதியம் பெறுவோர், தாம் கொண்டுவரும் புதுக்குடிகளுக்கு வேண்டிய பொது வசதிகளின் செலவில் ஒரு பங்கை ஏற்றல் முறையென உலகிற் பல நாடுகள் சட்டஞ் செய்துள்ளன.

நம் நாட்டிலும் இக்கருத்தின் வித்து உண்டு. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் தோன்றியது நகர அபிவிருத்தி அதிகாரசபை. அது 1986இல் வெளியிட்ட விதிகளின்படி, ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டு செய்வோர், வீதிகள் நீங்கலாக, பத்திலொரு பங்கினைப் பொதுப் பயனுக்கும் பொழுதுபோக்குக்கும் ஒதுக்கவேண்டியிருந்தது. நல்ல விதியே. ஆனால் ஒரு ஹெக்டேயர் ஏறத்தாழ 395 பேர்ச்சஸ். மருதானையிலே அத்துணைக் காணி ஒருவர் கையிற் சேர்ந்திருத்தல் அரிது. இருபது பேர்ச்சசில் பத்து மாடி எழுப்பினாரை அவ்விதி தீண்டவில்லை. விதி நிலத்தை அளந்தது. மக்களோ மாடியின் வழியே வந்து சேர்ந்தனர்.

வேறொரு வழக்கமும் கொழும்பில் உண்டு. கட்டடத்தினுள் வாகனத் தரிப்பிடம் போதிய அளவு அமைக்க இயலாதவரிடம் அதற்கு ஈடாகச் சேவைக் கட்டணம் அறவிடப்படுகின்றது. மோட்டார் வண்டி நிற்க இடமில்லையெனிற் கட்டணம் உண்டு. குழந்தை ஓட இடமில்லையெனில்? வண்டிக்குப் பொருந்திய நியாயம் குழந்தைக்கும் பொருந்துமன்றோ?

தமிழகத்தின் விதி சற்று நுட்பமானது. அங்கே 3,000 சதுரமீற்றருக்கு மேல் 10,000 வரையுள்ள காணியில் மனை வகுப்போர், பத்திலொரு பங்கைத் திறந்தவெளியாக ஒப்படைக்கலாம். அன்றேல் அதன் பெறுமதியைப் பணமாகச் செலுத்தலாம். பத்தாயிரத்துக்கு மேற்படின் நிலமே கொடுத்தல் வேண்டும். இதற்கு மேலாக, உட்கட்டமைப்பு வசதிகளுக்கெனக் கட்டடத்தின் தளப்பரப்பைக் கணக்கிட்டு ஒரு கட்டணம் அறவிடும் விதிகளும் 2008இல் வந்தன. நிலத்தை மட்டுமன்றி மாடியையும் அளக்கும் முறை இது.

இங்கிலாந்திலே 2010 முதல் நடைமுறைக்கு வந்த சமுதாய உட்கட்டமைப்பு வரியும் சதுரமீற்றர்க் கணக்கினதே. அதிலே நாம் கருதற்குரிய சிறப்பொன்றுண்டு. வசூலாகும் பணத்தில் நூற்றுக்குப் 15 பங்கு, வரம்பொன்றுக்கு உட்பட்டு, கட்டடம் எழுந்த அயலுக்கே உரியது. அயலார் தமக்கெனத் திட்டம் வகுத்து ஏற்பிக்கப்பெற்றிருப்பின் அது 25 பங்காகும். இவ்வேற்பாடு 2013இல் வந்தது.

கட்டணம் விதித்தால் வணிகர் அதனை வீட்டின் விலையிலே ஏற்றிவிடுவர் என்பார் உளர். ஒரு பகுதி ஏறும் என்பது மெய். ஆனால் கட்டணம் இவ்வளவென முன்னரே அறிந்த வணிகர் காணி வாங்கும்போதே விலையைக் குறைத்துக் கேட்பர். எனவே சுமையின் ஒரு பகுதி காணி விற்போரையுஞ் சாரும். கட்டணமின்றேல் அச்சுமை எங்கே போகின்றது? பழைய ஒழுங்கையிற் சோலைவரி செலுத்தி வாழ்வோர் தலையில். மாடிப்படியிலிருந்து படிக்கும் பிள்ளையின் தலையில்.

எனினும் அளவு வேண்டும். அமெரிக்காவிலே கலிபோர்னியாவின் எல் டொராடோ மாவட்டத்தில், தம் காணியிற் சிறுவீடு அமைக்க முயன்ற ஒருவரிடம் வீதிப் போக்குவரத்துக்கென 23,420 டொலர் கேட்கப்பட்டது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. சட்டமன்றத்தினால் விதிக்கப்பட்ட கட்டணமாயினும், அக்கட்டடத்தால் விளையும் சுமைக்குப் பொருத்தமானதா என்னும் சோதனைக்கு உட்பட்டதே என 2024இல் தீர்ப்பாயிற்று. மருதானைத் தோட்டமொன்றில் இரண்டு பேர்ச்சசில் வாழ்பவர், மணமுடித்த மகளுக்காக மேலே ஓர் அறை எழுப்பினால், அவரையும் பெருவணிகரையும் ஒரே தட்டில் நிறுத்தல் அறமாகாது. சிறுவீட்டார்க்கு விலக்களித்தே இக்கட்டணம் அமைதல் வேண்டும்.

அரசு பொருளீட்டி, காத்து, உரிய இடத்துப் பகுத்தளித்தல் வேண்டுமென்பது நம் நீதிநூலோர் வற்புறுத்திய நெறி. மூன்றனுள்ளும் அரியது பகுத்தளித்தல். மருதானையிற் பெற்ற பணம் பொதுத் திறைசேரியிலே கலந்துவிடின், மருதானைப் பிள்ளைக்கு வாசிகசாலை வாராது. சோழன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை ஈண்டு நினைத்தல் தகும். ஏறத்தாழ 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய அவை, ஏரிக்கு ஒரு வாரியமும் தோட்டத்துக்கு ஒரு வாரியமும் ஊர்ச்சபை தனித்தனி தெரிந்தமையைக் கூறுகின்றன. பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லர், அவருடைய உறவினரும் மீண்டுந் தெரிவுக்கு உரியரல்லர் என விதித்தமையே அவற்றின் பெருமை. ஆயிரத்து நூறாண்டுக்கு முன்னர் ஒரு சிற்றூர் கண்ட நெறியைக் கொழும்பு மாநகரம் காண இயலாதா?

யான் வேண்டுவன மூன்று. கட்டணம் தளப்பரப்புக்கேற்ப அமைக. அது பெற்ற வட்டாரத்திலேயே செலவாகுக. கணக்கு ஆண்டுதோறும் அவ்வட்டார மக்கள் படிக்கத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடப்படுக.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதனைத் தமக்குப் புறம்பான பொருளென எண்ணலாகாது. வகுப்பறையில் நாம் ஏற்றிய விளக்கு மாலையிலும் எரிய ஓர் இடம் வேண்டும். உங்கள் ஒழுங்கையிலே அடுத்த தொடர்மாடிக்கு அத்திவாரம் இடும்போது, எத்தனை வீடுகள் என்று கேட்பதோடு அமையாது, எத்தனை நாற்காலிகள் கொண்ட வாசிகசாலை என்றும் மாநகர சபையைக் கேளுங்கள்.