உங்களுக்குத் தெரியுமா? இடப்பக்கம் யார் பார்ப்பது?

● கங்கைகொண்டானிலிருந்து வள்ளியூர் வரை நான்குவழிச் சாலையில் போய்வருகிறவர்களுக்கு இது பழகிய சங்கதி. பாரம் ஏற்றிய லாரி வலது லேனைப் பிடித்துவிட்டால் லேசில் விடாது. ஹாரன் அடித்தாலும் லைட் போட்டாலும் அசையாது. பொறுமை போன கார்க்காரர்கள் இடப்பக்கம் ஏறித் தாண்டுவார்கள். முறைப்படி வலப்பக்கமாக முந்தினால்கூட, முந்தியபின் திரும்பி வந்து சேரவேண்டியது இடது லேனுக்குத்தான். நமக்கு ஸ்டியரிங் வலப்பக்கம். ஆக, ஓட்டுநரின் கண்ணுக்கு மிகக் குறைவாகத் தெரிகிற பக்கத்தில்தான் அவருக்கு அதிக வேலை.

● அந்தப் பக்கத்தைப் பார்க்கத்தான் ஹோண்டா ‘லேன்வாட்ச்’ என்று ஒரு கேமராவைக் கொண்டுவந்தது. 2020-இல் இந்தியாவுக்கு வந்த ஐந்தாம் தலைமுறை சிட்டியில், இடது சைடு கண்ணாடிக்கு அடியில் அது ஒட்டிக்கொண்டிருக்கும். இடது இண்டிகேட்டர் போட்டதும் நடுத்திரையில் படம் விரியும். சாதாரண சைடு கண்ணாடி காட்டுவது 20 டிகிரி அளவு, இது காட்டுவது 80 டிகிரி என்பது கம்பெனியின் கணக்கு. அமெரிக்காவில் இதே கேமரா வலப்பக்கம் இருந்தது. அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம் அல்லவா!

● இண்டிகேட்டர் போட்டால்தான் படம் என்பதைக் கவனியுங்கள். (தனிப் பட்டனும் உண்டு, அதைத் தேடி அமுக்குகிறவர் எத்தனை பேர்?) இண்டிகேட்டர் போடும் பழக்கமே இல்லாதவருக்கு இந்த வசதி இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

● கியா செல்டோஸ், மஹிந்திரா எக்ஸ்யூவி 700, புதிய ஹூண்டாய் க்ரெட்டா ஆகியவற்றின் உயர்ரக மாடல்களில் இரண்டு பக்கமும் கேமரா உண்டு. படம் ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டும் இடத்திலேயே வரும். நடுத்திரையைவிட இது நல்ல ஏற்பாடு. கண் சாலையை விட்டு அதிக தூரம் போகவேண்டாம். க்ரெட்டா தயாராவது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில்.

● கேமராவுக்கும் முன்னால், கண்ணாடிக்கும் முன்னால் இடப்பக்கத்தைப் பார்த்தவர் கிளீனர். ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு, பாடியைத் தட்டித் தட்டி, “அண்ணாச்சி, லெப்டுல பைக் வாரான்!” என்று கத்துவாரே, அவர்தான். பஸ்ஸில் அந்த வேலை கண்டக்டருக்கும் அவருடைய விசிலுக்கும். கார்க்காரருக்கு இப்படி ஆள் கிடையாது. 2009-இல் வந்த டாடா நானோவில் சைடு கண்ணாடிகூட ஓட்டுநர் பக்கம் ஒன்றுதான் இருந்தது.

● ரேஸ் கார்களிலும் ஒரு காலத்தில் கிளீனர் இருந்தார்! பக்கத்தில் உட்கார்ந்து பின்னால் வருவதைச் சொல்லும் மெக்கானிக். 1911-இல் நடந்த முதல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ரே ஹாரூன் என்பவர் அந்த ஆளை இறக்கிவிட்டு, காரில் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தனியாக ஓட்டினார், ஜெயித்தார். செங்கல் பதித்த பாதை குலுக்கிய குலுக்கலில் கண்ணாடியில் ஒன்றுமே தெரியவில்லை என்று பிற்பாடு அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. அதற்கும் இரண்டு வருடம் முன்பே, 1909-இல், டோரதி லெவிட் என்ற ஆங்கிலேயப் பெண் கார் பந்தய வீராங்கனை, பெண்கள் ஒரு கைக்கண்ணாடியை வண்டியில் வைத்துக்கொண்டு பின்னால் வருவதைப் பார்க்கலாம் என்று புத்தகத்திலேயே எழுதிவிட்டார்.

● மறுபடி நம் நான்குவழிச் சாலைக்கு வருவோம். லாரிக்குப் பின்னால் 50 கி.மீ. வேகத்தில் ஊர்கிறீர்கள். இடது லேனில் ஒருவர் 80-இல் வருகிறார். வித்தியாசம் 30 கி.மீ., அதாவது நொடிக்கு 8 மீட்டருக்குச் சற்று மேல். லேன் மாற நான்கு நொடி எடுத்தால் அதற்குள் அவர் 33 மீட்டர் நெருங்கிவிடுவார். கண்ணாடியில் ‘எங்கேயோ வருகிறார்’ என்று தெரிந்தவர் உங்கள் கதவருகே நிற்பார்.

● அந்த ‘எங்கேயோ’வுக்குக் காரணம் கண்ணாடியின் வளைவு. நம் கார்களின் சைடு கண்ணாடி பெரும்பாலும் குவிந்தது. நிறைய இடத்தைக் காட்டும். எல்லாவற்றையும் சிறிதாக்கிக் காட்டும். உள்ளே நடுவில் இருப்பது தட்டைக் கண்ணாடி, அது தூரத்தைச் சரியாகச் சொல்லும். கேமராவின் அகல லென்ஸும் சிறிதாக்குவதில் சைடு கண்ணாடிக்குச் சளைத்ததல்ல. இன்னொன்று: கண்ணாடி முன் தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் மறைந்திருந்த மூலை தெரியும். திரைமுன் எவ்வளவு குனிந்து பார்த்தாலும் அதே படம்தான்.

● நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து தொட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. நெடுந்தூரச் சாலையைப் பார்த்த கண், கைக்கெட்டும் தூரத்துத் திரைக்குத் தாவித் தெளிய நேரம் பிடிக்கும். கார் வாங்கும்முன் ஷோரூமில் அல்ல, சாலையில் ஓட்டிப் பாருங்கள்.

● குற்றாலச் சீசனில் தென்காசிச் சாலையில் போனால் கண்ணாடிக்கும் கேமராவுக்கும் போட்டிதான். சாரலில் ஒரே ஒரு துளி லென்ஸில் விழுந்தால் மொத்தப் படமும் கலங்கிவிடும். கண்ணாடியில் துளி விழாத இடம் மிச்சமிருக்கும். ஆனால் ஏசி கார் ஜன்னலில் நீராவி படிந்தால் சைடு கண்ணாடி இருந்தும் புண்ணியமில்லை. அப்போது வெளியே இருக்கிற கேமராதான் பார்க்கும். காலையில் தூத்துக்குடியிலிருந்து நெல்லைக்கு வந்தால் முதுகுக்குப் பின்னால் சூரியன், இரண்டுமே கூசும்.

● நெல்லை டவுன் ரத வீதிகளில் ஆட்டோவுக்கு வழிவிட இடது கண்ணாடியை மடக்குகிறோம். வண்ணார்பேட்டை தாண்டியும் பலர் அதை விரிப்பதில்லை. கண்ணாடிக்கு அடியில் ஒட்டிய கேமராவும் சேர்ந்து மடங்கியிருக்கும். அப்போது திரையில் சாலை தெரியாது.

● கண்ணாடியே இல்லாமல் கேமரா மட்டும்? அதுவும் வந்துவிட்டது. ஜப்பான் 2016-இல் அனுமதி தந்தது. 2018-இல் அங்கே லெக்ஸஸ் இஎஸ் அப்படி வெளிவந்தது. பிறகு ஹோண்டா இ. லாரிகளில் மெர்சிடிஸ் ஆக்ட்ரோஸ்: லாரி திரும்பும்போது டிரெய்லரின் வால் தெரியும்படி படமும் கூடவே நகரும். காற்றாலை இறக்கைகளை ஏற்றிக்கொண்டு நம் சாலைகளில் ஊர்ந்துபோகும் நீண்ட டிரெய்லர்களைப் பார்க்கும்போதெல்லாம், அந்த ஓட்டுநர்களுக்குத்தான் இது முதலில் கிடைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றும். இதற்கிடையில், கேமராவைப் பிரபலமாக்கிய ஹோண்டாவே 2018 மாடல் அக்கார்டில் லேன்வாட்ச்சை அமெரிக்காவில் கைவிட்டு, இரு பக்கமும் ரேடார் எச்சரிக்கைக்கு மாறியது. அதனால் கண்ணாடியைக் கழற்றும் அவசரம் எனக்கில்லை. கேமரா இரண்டாவது சாட்சியாக இருக்கட்டும்.

● காசில்லாமல் கண்படாத இடத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. ஜார்ஜ் பிளாட்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1995-இல் விளக்கி எழுதியது. நம்மில் பலர் சைடு கண்ணாடியில் சொந்த வண்டியின் பின்கதவு தெரியும்படி வைத்திருக்கிறோம். அது வீண், பின்கதவு எங்கும் ஓடிவிடாது. தலையை வலது ஜன்னலோடு சாய்த்துக்கொண்டு, வண்டியின் ஓரம் மட்டும் இழையாகத் தெரியும் அளவுக்கு வலது கண்ணாடியை வெளியே திருப்புங்கள். பிறகு காரின் நடுப்பக்கம் சாய்ந்து இடது கண்ணாடியையும் அப்படியே திருப்புங்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால் சொந்த வண்டி தெரியாது, பக்கத்து லேன் தெரியும். சரியாக வைத்திருந்தால், உங்களைக் கடக்கும் வண்டி உள்கண்ணாடியிலிருந்து மறையும்முன் சைடு கண்ணாடியில் வந்துவிடும். அதிலிருந்து மறையும்முன் உங்கள் ஓரக்கண்ணில் பட்டுவிடும். கே.டி.சி. நகர் பக்கம் எங்காவது ஓரமாக நிறுத்திச் சோதித்துக்கொள்ளலாம். இது நெடுஞ்சாலைக்கான வைப்பு. சந்துக்குள் நுழைந்தால் பின்சக்கரம் தெரியவேண்டும். கண்ணாடியைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தாக வேண்டும். பவர் கண்ணாடி என்றால் ஒரு பட்டன். இல்லையென்றால் பக்கத்து சீட்டில் இருப்பவர் கையை நீட்டித் திருப்பவேண்டும்.