உங்களுக்குத் தெரியுமா?

ஏற்காட்டின் சேர்வராயன் மலையைத் தம் குலதெய்வத்தின் இருப்பிடமாக வழிபடும் மலையாளிப் பழங்குடியினர், தம் முன்னோர் சமவெளியிலுள்ள காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர்.

• கேரள மக்களோடு தொடர்பில்லாத இம்மக்களின் தாய்மொழி தமிழ்; பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூன்று உடன்பிறந்தாரின் வழியினர் சேர்வராயன், கொல்லி, பச்சை ஆகிய மலைகளில் பரவினர் என்னும் இவர்களது வாய்மொழி வரலாற்றை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட இனவரைவியல் நூல், அதாவது மக்களின் வாழ்வையும் வழக்கங்களையும் பதிவுசெய்யும் நூல், குறிப்பிடுகிறது.

• ஏறத்தாழ 5,300 அடி உயரத்தில், மரங்களற்ற அகன்ற மலைமுகட்டில் அமைந்துள்ள சேர்வராயன் கோயில், குனிந்து நுழைய வேண்டிய ஒடுங்கிய குகையாகும். அதனுள் சேர்வராயனும் காவேரி அம்மனும் உறைகின்றனர்.



• ஆண்டுதோறும் மே மாதத்தில் இக்கோயிலில் நடைபெறும் திருவிழாவுக்குச் சுற்றியுள்ள மலைக்கிராமங்களின் மக்கள் திரண்டு வருவதால், வாய்மொழியாக வழங்கும் அவர்களது வரலாறு வழிபாட்டின் வழியே அடுத்த தலைமுறையைச் சென்றடைகிறது.