மார்பக எம்.ஆர்.ஐ. ஸ்கேன்: பஸ் ஏறும் முன்

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ டாக்டர், “மார்பகத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்கம்மா” என்று எழுதித் தந்தால் பயப்படாதீங்க. இது கதிர்வீச்சு இல்லாமல், காந்தத்தால் எடுக்கும் படம். ஆனால், ஒரு விவரம் விடுபட்டாலும் மதுரை வரை போய்த் திரும்ப நேரலாம்.

ஸ்கேனுக்கு முன் தரும் படிவம் உங்கள் பாதுகாப்புக்கானது. பேஸ்மேக்கர், உடலில் வைத்த கிளிப், கண்ணில் என்றோ பட்ட இரும்புத்தூள், கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு, அலர்ஜி எதையும் மறைக்காதீங்க. நரம்பில் மருந்து ஏற்றுவதால் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்கலாம்.

மாதவிலக்கு தொடங்கி 7 முதல் 14 நாளுக்குள் எடுத்தால் படம் தெளிவாக இருக்கும். அவசரம் என்று டாக்டர் சொன்னால் நாள் பார்க்க வேண்டாம்.

நகை, மெட்டி, ஊக்கு கழற்ற வேண்டும். தாலிக்கொடிக்குப் பதில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாம். குப்புறப் படுத்து, சுமார் அரைமணி நேரம் அசையாமல் இருக்கணும். சத்தம் பலமாகக் கேட்கும். காதுக்கு அடைப்பான் தருவாங்க.

டாக்டர் சீட்டு, பழைய மேமோகிராம், ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டில் செலவு சேருமா என்று முன்பே கேளுங்கள்.

படிவம் ஆங்கிலத்தில் இருந்தால், தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டு, புரிந்த பிறகே கையெழுத்துப் போடுங்க.